ஐந்து சாட்சிகளா, நொத்தாரிசா?

மரணசாதனம் என்னும் சொல்லை வீட்டில் உச்சரிப்பதே அமங்கலம் எனக் கருதுவோர் நம்மவரிடையே இன்னும் உளர். மகளுக்குச் சீதன உறுதி முடிக்க நல்ல நாள் பார்த்துச் செல்லும் தந்தையார், தமது காலத்தின் பின் மனைவி எவ்விடத்தில் இருப்பாள் என்பதை எழுதிவைக்கத் தயங்குகிறார். எழுதினால் ஆயுள் குறையும் என்பது அவர் அச்சம். எழுதாமையால் குடும்பத்தின் ஒற்றுமை குறைவதையோ அவர் எண்ணுவதில்லை.

எழுதாது இறந்தவரின் ஆதனத்தைச் சட்டமே பங்கிடும். இலங்கையின் பொதுச் சட்டப்படி, அதாவது 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, பாதி மனைவியைச் சேரும். தேசவழமைக்கு உட்பட்டோருக்கு விதி வேறு. கணவனின் தேடியதேட்டத்தில் பாதி மனைவிக்கு உண்டு. அவனது முதுசமோ பிள்ளைகளையே சேரும். முதுசக் காணியில் கட்டிய வீட்டில் நாற்பது ஆண்டு வாழ்ந்த தாய், கணவன் இறந்தபின் பிள்ளைகளின் தயவில் அங்கே இருக்க நேரிடலாம். அந்த வீட்டில் அவளுக்குச் சீவியவுருத்து வைத்துப் பிள்ளைகளுக்கு எழுதியிருந்தால் இந்நிலை வாராது.

இனி, மரணசாதனத்தை நாமே எழுதலாமா என்பது கேள்வி. எழுதலாம். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இரு வழிகளைக் காட்டுகிறது. நொத்தாரிசு முன்னிலையில் எழுதுவதாயின் இரண்டு சாட்சிகள் போதும். நொத்தாரிசு இல்லையெனில் ஐந்து சாட்சிகளேனும் வேண்டும். அவர்கள் எல்லாரும் ஒரே வேளையில் கூடியிருக்க, எழுதுபவர் அவர்கள் முன் ஒப்பமிடல் வேண்டும். இன்று இருவர், நாளை மூவர் என வீடு வீடாய்ச் சென்று ஒப்பம் வாங்கினால் அந்தச் சாதனம் செல்லாது.

ஆயினும், சட்டம் இடங்கொடுக்கிறது என்பதற்காக அவ்வழியே செல்லும்படி நாம் கூறமாட்டோம். சாட்சிகளின் தொகை சரியாயிருந்தும் சொற்கள் பிழைத்துப்போகலாம். ‘என் வளவைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன்’ என்று ஒருவர் எழுதினால், சீதனம் பெற்றுச் சென்ற மகளும் அதில் அடங்குவாளா? கிணற்றுப் பங்கும் வழியுரிமையும் யாருக்கு? வளவில் ஒரு பகுதி மனைவியின் சீதனமாயின், அதை எழுதிக் கொடுக்க இவருக்கு உரிமை ஏது? எழுதியவரை அழைத்துக் கேட்க இயலாத வேளையிலேதான் இக்கேள்விகள் எழும். பின்னர் அண்ணனும் தம்பியும் மாவட்ட நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்பர். நொத்தாரிசோ பழைய உறுதிகளைப் பார்த்து, இவற்றையெல்லாம் முன்கூட்டியே கேட்பார். அவருக்குக் கொடுக்கும் கூலி வழக்குச் செலவின் முன் அற்பமே.

ஆனால், யாருக்கு எதைக் கொடுப்பது என்பதை நொத்தாரிசிடம் விட்டுவிடலாகாது. அதைக் கணவனும் மனைவியும் முதலில் பேசித் தெளிதல் வேண்டும். உறுதிகளையும் கடன் விபரங்களையும் ஒருங்கே எடுத்துச் செல்க. சாதனத்தை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்கக்கூடிய ஒருவரைத் தேர்ந்து, அவர் சம்மதத்தையும் பெறுக. பங்கு பெறுவோரையோ அவர்தம் துணையையோ சாட்சியாக நிறுத்தற்க. சாதனம் எழுதியவர் பின்னர் விவாகஞ் செய்தால் அது இரத்தாகிவிடும் என்பதையும் மறவற்க.

பெட்டியில் எவரும் அறியாது பூட்டிவைத்த மரணசாதனத்தால் பயனில்லை. அது இருக்கும் இடத்தை நம்பிக்கைக்குரிய ஒருவராவது அறிந்திருக்க வேண்டும். வீட்டிலே மகனும் மகளும் கல்லூரி மாணவராயிருப்பின் அவர்களும் இப்பேச்சில் அமரட்டும். தாயின் இருப்பிடம் உறுதியாயிற்று என்று பிள்ளைகள் முன்னரே அறிந்திருக்கும் வீட்டில், பின்னொரு நாள் பிணக்கு எழுவது அரிது.