மூணுல ஒண்ணு தூங்குது!

இந்த வாரம் அரியர் புலம்பல் கிடையாது. நகக்கண்ணுல இன்னும் கிரீஸ் இருக்கு, அதோடதான் எழுதுறேன்.

ஸ்டடி லீவுக்கு வடமதுரைக்குப் போனேன். எங்க வீட்டு வாசல்ல ஒரு மாருதி 800 நிக்கும். 1994 மாடல். என்னைவிட பத்து வயசுக்கு மேல மூத்தவ. தாத்தா ரிட்டயர்மென்ட் காசுல செகண்ட் ஹேண்டா வாங்கினது. நான் பையைக்கூட இறக்கி வைக்கல, அதுக்குள்ள அப்பா, "இது போற வாரம் இருக்காதுடா. பழைய வண்டி வாங்குறவர்கிட்ட பேசிட்டேன். பதினெட்டாயிரம் தர்றாராம்"னாரு.

விஷயம் இதுதான். ரெண்டு வாரமா வண்டி 'மிஸ்ஸிங்' அடிக்குது. நிறுத்தி வெச்சா ஸ்டீயரிங் கடகடன்னு ஆடுது, பாலம் ஏறும்போது புல்லிங் இல்ல, பின்னாடி பெட்ரோல் நாத்தம். மெக்கானிக் ஒருத்தர் சத்தத்தைக் கேட்டுட்டு, "ரிங் போயிடுச்சு சார். இன்ஜினை இறக்கணும். இருபத்தஞ்சாயிரம்"னு சொல்லிட்டாரு.

தாத்தாவுக்குச் செவ்வாய், வெள்ளி ரெண்டு நாள் திண்டுக்கல்ல டயாலிசிஸ். கார் இல்லைன்னா ஆட்டோ. போக வர 800 ரூபா. மாசத்துக்கு ஏழாயிரம் ஆச்சு பாஸ்! அப்பா சம்பளத்துல அது எவ்வளவு பெரிய ஓட்டைன்னு எனக்குத் தெரியும், ஏன்னா அந்தச் சம்பளத்துலதான் என் ஃபீஸும்.

தாத்தா திண்ணையில உக்காந்துட்டு சிரிச்சாரு. "எனக்கும் அவளுக்கும் ஒரே வியாதிடா பேராண்டி. உள்ள ஒண்ணு வேலை செய்யல."

அந்த வார்த்தை குத்திடுச்சு. மூணாவது வருஷம் மெக்கானிக்கல் படிக்கிறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுற ஆளு நான். "அப்பா, வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க"ன்னேன். "கெடுத்துடாதடா"ன்னு மட்டும் சொன்னாரு.

உங்க புத்தகத்துல ரெண்டு மார்க்குல முடிச்சிருப்பாங்க. நான் கொஞ்சம் விரிவா சொல்றேன். மாருதி 800-ல 796 சி.சி., மூணு சிலிண்டர். ஐடிலிங்ல நிமிஷத்துக்கு 900 சுத்துன்னு வெச்சுக்கங்க. ஃபோர் ஸ்ட்ரோக்ல ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் ஒரு சிலிண்டர் வெடிக்கும். அப்போ ஒவ்வொண்ணும் நிமிஷத்துக்கு 450 தடவை. மூணுல ஒண்ணு தூங்கிட்டா மூணுல ஒரு பங்கு பவர் காலி. அதோட செகண்டுக்கு ஏழெட்டு தடவை இன்ஜின் தடுமாறும். ஸ்டீயரிங் ஆடுறது அதனாலதான்.

சிலிண்டர் வெடிக்க மூணே விஷயம் வேணும்: சரியான பெட்ரோல்-காத்து கலவை, அமுக்கம், சரியான நேரத்துல ஸ்பார்க். இதுல எது இல்லைன்னு கண்டுபிடிக்கிறதுதான் மொத்த வேலையும்.

இப்ப என் முதல் முட்டாள்தனம். எதையும் பார்க்காம கடைக்குப் போய் மூணு புது பிளக் வாங்கி மாட்டினேன். ஸ்டார்ட் பண்ணினா அதே டக டக டக. பாக்கெட் மணி கோவிந்தா! அப்புறம்தான் புத்தி வந்துச்சு. முதல்ல தூங்குறது யாருன்னு பார்க்கணும்.

ரொம்ப சிம்பிள். இன்ஜினை ஆஃப் பண்ணி, ஒரு பிளக் வயரைக் கழட்டி, அதுல பழைய பிளக் ஒண்ணை மாட்டி இன்ஜின் இரும்புல படுற மாதிரி வெச்சுட்டு ஸ்டார்ட் பண்ணணும். ஓடும்போது வயர்ல கை வெக்காதீங்க, ஆயிரக்கணக்கான வோல்ட்! ஒண்ணாம் நம்பரை எடுத்தேன், இன்ஜின் செத்துப் போற மாதிரி ஆச்சு. மூணை எடுத்தேன், அதேதான். ரெண்டை எடுத்தேன், ஒரு மாற்றமும் இல்ல. ஆள் மாட்டிக்கிட்டான்! வேலை செய்யாதவன் லீவு போட்டா ஆபீஸுக்கு என்ன தெரியப்போகுது?

ரெண்டாம் நம்பர் பிளக்கைக் கழட்டினா பெட்ரோல்ல நனைஞ்சு சொட்டச் சொட்ட இருக்கு. பெட்ரோல் வருது, ஆனா எரியல. பெட்ரோல் நாத்தத்துக்கும் காரணம் கிடைச்சாச்சு. அதோட எங்க வண்டியில ஒரே கார்பரேட்டர்தான் மூணு சிலிண்டருக்கும். அது கெட்டுப் போயிருந்தா மூணும்ல திணறணும்?

அடுத்து, மெக்கானிக் சொன்ன ரிங். அது தேஞ்சா அமுக்கம் குறையும். நண்பனோட மாமா ஒர்க்‌ஷாப்ல கம்ப்ரஷன் கேஜ் கடன் வாங்கிட்டு வந்தேன். காயில் வயரைப் பிடுங்கிட்டு, மூணு பிளக்கையும் கழட்டிட்டு, அப்பாவை ஆக்ஸிலேட்டரை முழுசா அமுக்கிக்கிட்டு சாவியைத் திருப்பச் சொன்னேன். 150, 145, 150. மூணும் கிட்டத்தட்ட சமம். ரிங் போயிருந்தா ரெண்டாம் நம்பர் தனியா கீழ விழுந்திருக்கணும். சைலன்சர்ல நீலப் புகையும் இல்ல. "இன்ஜினை இறக்க வேணாம்பா"ன்னேன். அப்பா பதில் சொல்லல. ஆனா எனக்கு டீ போடச் சொல்லி அம்மாகிட்ட சொன்னாரு.

மிச்சம் இருக்கிறது ஸ்பார்க். ரெண்டாம் நம்பர் பிளக்கை மூணுல போட்டேன், மூணோடதை ரெண்டுல போட்டேன். கோளாறு பிளக்கோடதுன்னா பிளக் கூடவே மூணுக்குப் போயிருக்கும். போகல. அப்போ வயர், இல்லைன்னா டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. மூடியைக் கழட்டிப் பார்த்தேன். விரிசல் இல்ல. உள்ள வெள்ளையா பூத்திருந்ததை மட்டும் உப்புத்தாள்ல லேசா தேச்சு மாட்டினேன்.

இங்கதான் இரண்டாவது முட்டாள்தனம். வயரை 1, 2, 3-ன்னு வரிசையா சொருகிட்டேன். சாவியைத் திருப்பினதும் 'டமார்'! பாட்டி உள்ள இருந்து "ஐயோ என் பேரன்!"னு ஓடி வர்றாங்க. இந்த இன்ஜினோட ஃபயரிங் ஆர்டர் 1-3-2. பரிட்சையில எழுதி மார்க் வாங்கினதை வாசல்ல மறந்துட்டேன். கழட்டும்போதே வயர்ல நம்பர் எழுதி ஒட்டிடுங்க ராசாக்களா!

சரியா மாட்டியும் மிஸ்ஸிங் போகல. ராத்திரி எட்டு மணிக்கு வாசல் லைட்டை அணைச்சுட்டு, பானெட்டைத் திறந்து வெச்சு இன்ஜினை ஓட விட்டேன். ரெண்டாம் நம்பர் வயர் வளையுற இடத்துல, குட்டியா நீல மின்னல். பிளக்குக்குப் போகாம பக்கத்து இரும்புக்குத் தாவுது.

ஏன்னு யோசிச்சுப் பாருங்க. காத்தை அமுக்க அமுக்க, ஸ்பார்க் பிளக்கோட இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேணும். வயரோட ரப்பர் வெடிச்சிருந்தா கரண்ட் சுலபமான வழியில இறங்கிடும். பாலம் ஏறும்போது தொல்லை அதிகமா இருந்ததும் அதனாலதான்.

மறுநாள் காலையில வயர் செட் வாங்கினேன். 450 ரூபா. பதினஞ்சு நிமிஷ வேலை. சாவியைத் திருப்பினேன். தையல் மெஷின் மாதிரி ஓடுது! அப்பா பானெட் மேல கையை வெச்சுட்டு ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம் போனை எடுத்து, "அண்ணே, வண்டி குடுக்கலண்ணே"ன்னாரு.

அந்த மெக்கானிக்கைத் திட்டணும்னு தோணுதா? எனக்குத் தோணல. அவர் சத்தத்தை வெச்சு ரிங்னு ஊகிச்சாரு, நான் எதையுமே வெச்சுக்காம பிளக்னு ஊகிச்சேன். ரெண்டு பேரும் தப்பு. அவர் ஊகத்தோட விலை கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் பழைய கார்பரேட்டர் வண்டிக்கு. புது வண்டிகள்ல ஓடவிட்டு ஸ்பார்க்கை நிறுத்தினா எரியாத பெட்ரோல் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காலி பண்ணிடும். அங்க ஸ்கேனரை மாட்டுங்க. பி0302-ன்னு வந்தா ரெண்டாவது சிலிண்டர், பி0300-ன்னா எதுன்னு குறிப்பா சொல்ல முடியாத மிஸ்ஸிங். இன்னொண்ணு, இப்போ பங்க்ல கிடைக்கிறது 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஒத்துக்காம போகலாம். வெடிச்சிருக்கா, கசியுதான்னு அப்பப்ப பாருங்க.

வெள்ளிக்கிழமை காலையில நான்தான் ஓட்டினேன். முன் சீட்டுல தாத்தா. பாலத்துல மூணாவது கியர்லயே ஏறிடுச்சு. தாத்தா டேஷ்போர்டைத் தட்டிக் குடுத்துட்டு சொன்னாரு: "இவளுக்கு 450 ரூபாயில முடிஞ்சிருச்சு. குடுத்து வெச்சவ!"

சிரிச்சேன். ஆனா ரோட்டை மட்டும்தான் பார்த்துட்டு ஓட்டினேன்.

அடுத்த வாரம் மீட் பண்ணலாம். அதுவரைக்கும், எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி நம்பர் போட்டுடுங்க!