வீடு வேண்டும், பிழைக்கிற இடத்தில் வேண்டும்

வணக்கத்திற்குரிய சென்னை மேயர் அவர்களுக்கு,

உங்கள் அலுவலகமான ரிப்பன் மாளிகையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், கூவம் கரையில் சத்தியவாணி முத்து நகர் இருந்தது. 2019 டிசம்பர் கடைசியில், பள்ளி ஆண்டின் நடுவில், அங்கிருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பொதுத்தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். நீங்கள் பொறுப்புக்கு வருவதற்கு முன் நடந்தது அது. இனி அப்படி நடக்காமல் தடுக்கும் வலு மாமன்றத்துக்கு உண்டு என்று நம்புவதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அரசு வீடு கட்டித் தரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு எழுப்பித் தருவது வழக்கமாக இருந்தது. நொச்சிக்குப்பத்து மீனவர்கள் கடற்கரையை விட்டு நகராமலே மாடி வீட்டுக்குப் போனார்கள்; தொழில் கைவிட்டுப் போகவில்லை. பின்னாளில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஏழைகளை நகரத்தின் தெற்கு ஓரத்துக்குத் தள்ளினோம். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள், எட்டு மாடிக் கட்டடங்களில். லிப்ட் நின்றுபோனால் வயதானவர்கள் கீழே இறங்குவதே இல்லை.

சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அரிவாள்மனையும் ஒரு பலகையும்தான் முதல். விடிவதற்குள் வந்து உட்கார்ந்தால்தான் வாடிக்கை. இருபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பஸ் மாறி வந்து சேரும்போது பாதி வியாபாரம் முடிந்திருக்கும். மயிலாப்பூரில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர் நாலு நாள் தாமதமாக வந்தால் ஐந்தாம் நாள் வேறு ஆள் வைத்துவிடுவார்கள். வேலையோடு போவது இன்னும் நிறைய: கணக்கில் சாமான் தந்த அண்ணாச்சி கடை, கைமாற்று கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா, பிள்ளையைப் பார்த்துக்கொண்ட ஆயா. சில குடும்பங்கள் ஒதுக்கிய வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய பேட்டைக்குப் பக்கத்திலேயே ஒண்டுக்குடித்தனத்துக்குத் திரும்புவது இதனால்தான். அவர்களைக் குறை சொல்வது அநியாயம்.

அதோடு, சென்னை வாக்காளர்களாக இருந்தவர்கள் பெரும்பாக்கத்தில் போய் இறங்கியது ஒரு கிராம ஊராட்சியின் எல்லைக்குள். குப்பைக்கும் தண்ணீருக்கும் உங்கள் மாநகராட்சியைக் கேட்கும் உரிமை லாரி ஏறியதுமே போய்விட்டது.

பழைய வாரியக் கட்டடங்களை இடித்து அதே இடத்தில் கட்டும் பணி இப்போது நடக்கிறது. மனதாரப் பாராட்டுகிறேன். அதன் அவசியத்துக்கு ஒரு சான்று: 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் ஒரு வாரிய பிளாக் அப்படியே சரிந்தது. விரிசலைக் கண்டு ஆட்களை முன்கூட்டியே வெளியேற்றியதால்தான் உயிர்கள் தப்பின. ஆனால் கட்டி முடியும்வரை வெளியே தங்க ஒரு குடும்பத்துக்குத் தரும் கருணைத் தொகை 24,000 ரூபாய். முன்பு 8,000 ரூபாயாக இருந்ததை உயர்த்தினார்கள் என்பது உண்மை. வேலை ஒன்றரை வருஷத்தில் முடிந்தாலும் மாதக் கணக்கில் அது 1,333 ரூபாய். அந்தக் காசுக்குச் சென்னையில் எந்த வீட்டுக்காரர் ஓர் அறை கொடுப்பார்? அட்வான்ஸுக்கே வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கிறது. பிறகு பயனாளி பங்களிப்பு என்று இன்னொரு பெருந்தொகை காத்திருக்கிறது.

குடிசை மாற்று வாரியமாக இருந்த நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பொறுப்பு, மாநகராட்சிக்கு என்ன வேலை என்று அதிகாரிகள் உங்களிடம் சொல்லக்கூடும். அரசியல் சட்டத்தின் 12-ஆவது அட்டவணை குடிசைப் பகுதி மேம்பாட்டை நகராட்சிகளின் பணிப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. பக்கத்தில் இடமில்லை என்ற பதிலையும் நான் ஏற்கவில்லை. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். உடனே மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதிகளில் மாற்று வீடு தரப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓர் உயிர் போன பிறகு கிடைத்த இடம் அதற்கு முன்பே கிடைத்திருக்க வேண்டாமா?

மாமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். மாநகராட்சி எல்லைக்குள் எந்தக் குடும்பத்தை அப்புறப்படுத்தினாலும் அதே மண்டலத்துக்குள் வீடு தர வேண்டும். பள்ளி நடக்கும் மாதங்களில் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடைக்கால வாடகையை அந்தப் பகுதியில் நடப்பிலுள்ள வாடகைப்படி மாதாமாதம் தர வேண்டும் என்று அரசைக் கேளுங்கள். மாநகராட்சிக்குச் சொந்தமான காலி மனைகளையும் பயனற்றுக் கிடக்கும் கட்டடங்களையும் மண்டலவாரியாகப் பட்டியலிட்டு வெளியிடுங்கள். 2022 நவம்பரிலிருந்து வார்டுகளில் பகுதி சபை கூடுகிறது. ஒதுக்கீட்டுப் பட்டியலை அங்கே படித்துக் காட்டிய பிறகே இறுதி செய்ய வேண்டும் என்று உத்தரவிடுங்கள். பெயர் விடுபட்டவர்கள் அங்கேயே எழுந்து கேட்பார்கள்.

அடுத்த மாமன்றக் கூட்டத்திலேயே இதைப் பேசுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னைவாசி ஒருவர்