விருந்தினருக்கு ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறு

தலைநகர் தில்லியில் சித்திரை பிறந்தால் வெயில் வாட்டத் தொடங்கிவிடுகிறது. மே, ஜூன் மாதங்களில் 'லூ' என்னும் அனல் காற்று வேறு. இந்த வெயிலில் நம் வீடுகளுக்கும் விழாக்களுக்கும் வருகிறவர்களுக்கு நாம் கொடுப்பது என்ன? பெரும்பாலும் கடையில் வாங்கிய கோலாதான். இந்தப் பழக்கத்தை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

சற்றே கணக்குப் பார்ப்போம். 200 மி.லி. கோலாவில் ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை இருக்கிறது. 50 பேருக்குக் கொடுத்தால் ஒரு கிலோ. அதே 50 பேருக்கு எலுமிச்சைச் சாறு கலக்க 25 பழம், 10 லிட்டர் தண்ணீர், அரைக் கிலோ சர்க்கரை, கொஞ்சம் உப்பு போதும். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கு உப்பு மட்டும் போட்டுத் தனியாகக் கலக்கலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பைக் குறைக்கலாம். பாட்டிலில் அடைத்து வருவதில் இதற்கெல்லாம் வழியில்லை.

"யார் பிழிவது, நேரம் எங்கே?" என்று சிலர் கேட்கலாம். முதல் நாளே சர்க்கரைப் பாகு காய்ச்சி வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பாகு நன்றாக ஆறிய பிறகே சாற்றை ஊற்ற வேண்டும். சூட்டில் ஊற்றினால் மணம் கெடும், வைட்டமின் 'சி'யும் குறையும். பழத்தை அழுத்திப் பிழியாமல், விதையை வடிகட்டிவிட்டால் கசக்காது. தண்ணீர் காய்ச்சி ஆறியதாக இருக்கட்டும். ஐஸ் வீட்டில் உறைய வைத்ததாக இருப்பதே நல்லது.

ஒரே ருசி அலுக்கும் என்றால் வகைக்கா பஞ்சம்? இஞ்சிச் சாறும் ஏலக்காயும் சேர்க்கலாம். புதினாவைக் கசக்கிப் போடலாம். ஊரிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் நன்னாரி சர்பத்தில் அரை மூடி பிழியலாம். இங்குள்ளவர்கள் கறுப்பு உப்பும் வறுத்த சீரகப் பொடியும் போட்டுக் கலக்கும் ஷிகஞ்ஜியையும் நாம் தாராளமாக ஏற்றுக்கொள்ளலாம். 2022 ஏப்ரலில் இங்கே எலுமிச்சை கிலோ 300 ரூபாயைத் தாண்டியதே, அதுபோல் விலை ஏறும் நாட்களில் மாங்காயை வேகவைத்துக் கரைக்கும் ஆம் பன்னா இருக்கிறது. நம் நீர்மோரும் இருக்கிறது.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது பானகம். வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய் சேர்ந்த இந்தப் பானத்தை நம் முன்னோர் கோடை தொடங்கும் ஸ்ரீராம நவமியோடு சேர்த்து வைத்தார்கள். இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைக் குடித்திருக்கிறார்கள்? தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க ஞாயிறு வகுப்பு நடத்துகிறோம். நாக்கின் ருசியை எந்த வகுப்பில் கற்றுக்கொடுப்பது? அதை நாம் கலந்து கொடுத்துக் குடிக்க வைத்தால்தான் உண்டு.

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள்: அடுத்த கோடை விழாவில் கோலாவுக்குப் பதில் ஒரு பானை பானகமும் ஒரு பானை எலுமிச்சைச் சாறும் வைப்போம். பழம் பிழியும் பொறுப்பைச் சிறுவர் சிறுமியரிடமே கொடுப்போம். தாங்கள் பிழிந்ததைத் தாங்களே குடிக்காமல் போக மாட்டார்கள்.