ஒரு பெரிய டிஸ்க்கா? இரண்டு சிறிய டிஸ்க்கா?

"இடம் இல்லை!"

செல்போன் இப்படிச் சொல்லாத வீடு இப்போது அபூர்வம். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று எதையும் விடாமல் படம் எடுக்கிறார்கள். முன்பெல்லாம் பிலிம் சுருளுக்குக் காசு கொடுக்க வேண்டும். அதனால் பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். இன்று படம் எடுக்கச் செலவே இல்லை. எடுத்த படத்தை வைக்கத்தான் இடம் வேண்டும்.

ஒரு நாள் போன் நிரம்பி விடுகிறது. வீட்டுக்காரர் கடைக்குப் போகிறார். அங்கே அவர் கேட்பது ஒரே கேள்வி:

"இருப்பதிலேயே பெரியது எது?"

கடைக்காரர் பெரியதாக ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். அவர் மேல் குற்றம் இல்லை. கேட்டதைக் கொடுக்கிறார். ஆனால், கேட்டிருக்க வேண்டியது வேறு கேள்வி. "இதே பணத்தில் இரண்டு கிடைக்குமா?" என்று கேட்டிருக்க வேண்டும்.

பெரிய டிஸ்க் ஒன்று வாங்கி, குடும்பத்தின் இருபது ஆண்டுப் படங்களை அதில் போட்டு, போனில் இருப்பதை எல்லாம் அழித்து விடுகிறார்கள். "பத்திரமாக வைத்து விட்டோம்" என்று நிம்மதியாகத் தூங்குகிறார்கள். உண்மையில் முன்பு இருந்த பத்திரமும் போய் விட்டது. எல்லா முட்டையும் ஒரே கூடையில்! அந்த ஒரு டிஸ்க் மேசையில் இருந்து தவறி விழுந்தால் போதும்.

தொப்பி மறைந்தது!

அமெரிக்காவில் பிக்ஸார் என்று ஒரு சினிமா கம்பெனி இருக்கிறது. கம்ப்யூட்டரிலேயே பொம்மைப் படம் தயாரிக்கும் கம்பெனி. 1998-ம் ஆண்டில் அங்கே "டாய் ஸ்டோரி 2" என்ற படம் தயாராகிக்கொண்டு இருந்தது.

ஒரு நாள் யாரோ ஒருவர் கம்ப்யூட்டருக்கு ஒரு கட்டளை கொடுத்தார். "இங்கே இருப்பதை எல்லாம் அழித்து விடு" என்பது அதன் பொருள். கட்டளை கொடுத்த இடம் தவறு. படம் முழுவதும் இருந்த இடத்தில் அது வேலை செய்யத் தொடங்கி விட்டது.

படத்தின் கதாநாயகப் பொம்மைக்குப் பெயர் உட்டி. அதன் கோப்புகளைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்களின் கண் எதிரிலேயே முதலில் உட்டியின் தொப்பி போயிற்று. பிறகு பூட்ஸ் போயிற்று. பிறகு உட்டியே போய் விட்டது!

எந்திரத்தின் இணைப்பைப் பிடுங்கும்படி டெலிபோனில் அலறினார்கள். அதற்குள் படத்தின் பெரும் பகுதி அழிந்து விட்டது.

ஆனாலும் பிரதி ஒன்று எடுத்து வைத்து இருந்தார்கள். அதைத் திறந்தார்கள். என்ன ஏமாற்றம்! பிரதி எடுக்கும் வேலை பல நாட்களாகவே சரியாக நடக்கவில்லை. நடக்கிறதா என்று எவரும் திறந்து பார்க்கவும் இல்லை.

அப்போதுதான் கேலின் சூஸ்மன் என்ற பெண்மணிக்கு ஒரு விஷயம் நினைவு வந்தது. அவர் அந்தப் படத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளர்களில் ஒருவர். அவருக்குக் குழந்தை பிறந்து இருந்தது. அதனால் வீட்டில் இருந்தபடியே வேலை பார்த்து வந்தார். அதற்காகப் படத்தின் பிரதி ஒன்று அவருடைய வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அவ்வப்போது போய்க்கொண்டு இருந்தது.

கார் பறந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரின் பின் சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டுக் கைக்குழந்தையைப் போல் கொண்டு வந்தார்கள். படம் பிழைத்தது! 1999-ல் வெளிவந்தது. (இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியதைக் கதை சரி இல்லை என்று அந்தக் கம்பெனியே பிறகு பெரும்பாலும் மாற்றி எடுத்தது. சினிமாக்காரர்கள் எங்கும் ஒன்றுதான்!)

கம்பெனியில் இருந்த விலை உயர்ந்த எந்திரங்கள் படத்தைக் காப்பாற்றவில்லை. வேறு ஒரு வீட்டில் இருந்த இன்னொரு பிரதிதான் காப்பாற்றியது.

அரசாங்கத்துக்கே இந்தக் கதி!

2025-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் தென் கொரியாவில் தேஜோன் நகரில் உள்ள அரசாங்கக் கம்ப்யூட்டர் நிலையத்தில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளை வைத்து இருந்த சேமிப்பு நிலையம் ஒன்று அதில் அழிந்தது. மொத்தம் 858 டெராபைட்! வெளியே பிரதி இல்லை. "இவ்வளவு பெரியதற்கு வெளியே எப்படிப் பிரதி எடுப்பது?" என்று இருந்து விட்டார்கள். பெரியதாக இருந்ததே வினையாகி விட்டது.

தமிழர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஓலைச் சுவடியைச் செல் அரிக்கும். ஆகவே காலம் தோறும் புதிய ஓலையில் படி எடுத்தார்கள். ஒரே நூலின் படிகள் பல ஊர்களில் இருந்தன. ஒரு சுவடியில் கெட்டுப்போன இடத்தை இன்னொரு சுவடியில் பார்த்துத்தான் உ.வே.சாமிநாத ஐயர் சீவக சிந்தாமணியை 1887-ல் அச்சில் கொண்டு வந்தார். ஒரே பெரிய சுவடி ஒரே வீட்டில் இருந்து இருந்தால் என்ன ஆகி இருக்கும்?

எதை வாங்குவது?

ஹார்ட் டிஸ்க் என்பது உள்ளே தட்டு சுழலும் எந்திரம். தட்டுக்கு மேலே, மயிரிழையை விட மெல்லிய இடைவெளியில், எழுதிப் படிக்கும் முனை ஓடுகிறது. ஓடும்போது கீழே விழுந்தால் முனை தட்டை உரசி விடும். பிறகு கைதேர்ந்தவர்கள்தான் பார்க்க வேண்டும். செலவும் அதிகம். ஆனால் அதே விலைக்கு அதிக இடம் தருவது இதுதான்.

எஸ்.எஸ்.டி. என்பதில் சுழலும் தட்டு கிடையாது. வேகம் மிக அதிகம். விழுந்தாலும் எளிதில் கெடாது. ஆனால், அது தகவலை மின்னூட்டமாகப் பிடித்து வைக்கிறது. பல ஆண்டுகள் மின்சாரமே காட்டாமல் அலமாரியில் போட்டு விட்டால் அந்த மின்னூட்டம் கசிந்து விடக்கூடும்.

பென் டிரைவும் மெமரி கார்டும் அதே ஜாதிதான். ஆனால் மலிவுச் சரக்கு. கொண்டு போய்க் கொடுக்க நல்லவை. குடும்பப் படங்களை ஆண்டுக்கணக்கில் வைக்க அவை பெட்டகம் அல்ல, பை.

ஆகவே, தினமும் வேலை செய்யும் கம்ப்யூட்டருக்குள் எஸ்.எஸ்.டி. இருக்கட்டும். சேமித்து வைக்க நடுத்தர அளவில் இரண்டு ஹார்ட் டிஸ்க் போதும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே கம்பெனி சரக்காக வாங்காமல் இருப்பது இன்னும் நல்லது. இரண்டும் ஒன்றாகக் கெடும் வாய்ப்பு குறையும்.

அளவைப் பற்றி ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். 1 டெராபைட் என்று வாங்கியதை விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டால் 931 ஜிகாபைட் என்று காட்டும். இது ஏமாற்று அல்ல. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். கம்ப்யூட்டர் 1,024 ஆக எண்ணுகிறது. படியும் மரக்காலும் போல, அளவு வேறு.

உண்மையான ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. நம்ப முடியாத விலையில் "2 டெராபைட் பென் டிரைவ்" விற்கிறார்கள். உள்ளே இருப்பது அதில் சிறு பங்குதான். ஆனால் பெரியது என்று பொய் சொல்லும்படி அமைத்து இருப்பார்கள். படங்கள் ஏறுவது போலவே தெரியும். நிரம்பிய பிறகு போட்டவை எல்லாம் குப்பை!

மாற்றும்போது கவனம்

போனில் இருந்து டிஸ்க்குக்கு மாற்றும்போது பலர் "கட்" கொடுத்து "பேஸ்ட்" செய்கிறார்கள். பாதியில் ஒயர் கழன்றால் சில படங்கள் இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் போகலாம். "காப்பி"தான் சரியான வழி. இங்கே எத்தனை படம், அங்கே எத்தனை படம் என்று எண்ணிக்கை பார்க்க வேண்டும். முதலில் பத்து, நடுவில் பத்து, கடைசியில் பத்து திறந்து பார்க்க வேண்டும். இரண்டாவது டிஸ்க்கிலும் ஏற்றிய பிறகே போனில் அழிக்கலாம். பிக்ஸார் கம்பெனி செய்யாமல் விட்டது இந்தத் திறந்து பார்க்கும் வேலையைத்தான்.

கல்யாண வீடியோ மட்டும் பென் டிரைவில் ஏறவே ஏறாது. "இடம் இருக்கிறதே, ஏன் ஏறவில்லை?" என்று கேட்பார்கள். "பேட் 32" என்ற பழைய முறையில் அமைந்த பென் டிரைவில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பை வைக்க முடியாது. "எக்ஸ்பேட்" முறைக்கு மாற்றினால் ஏறும். மாற்றும்போது அதில் முன்பே இருப்பது எல்லாம் அழிந்து விடும். அதனால் முதலில் காலி செய்து கொள்ள வேண்டும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போய்ச் சேருகிறது என்பார்கள். சேருகிறது, இளைத்துப்போய்! சாதாரணமாகப் போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி விடுகிறது. "டாக்குமெண்ட்" ஆக அனுப்பினால் முழுப் படமும் போகும்.

"எல்லாம் கூகுளில் இருக்கிறது" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. கணக்கில்லாமல் இலவச இடம் தந்த காலம் 2021 ஜூன் 1-ந் தேதியோடு முடிந்தது. இப்போது இலவசம் 15 ஜிகாபைட், கடிதங்களும் அதற்குள்தான். மேலும், கூகுள் போட்டோசில் இருந்து ஒரு படத்தை அழித்தால், குப்பைக்கூடையில் சில நாள் இருந்து விட்டு அங்கும் மறைந்து விடும். மைஸ்பேஸ் என்ற நிறுவனத்தில் 2003 முதல் 2015 வரை மக்கள் ஏற்றி வைத்த பாட்டுகள், ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது தொலைந்தன. 2019-ல்தான் இதைச் சொன்னார்கள். இணையம் மூன்றாவது பிரதியாக இருக்கலாம். ஒரே பிரதியாக இருக்கக் கூடாது.

இரண்டாவது டிஸ்க்கை எங்கே வைப்பது? ஒரே பீரோவில் இரண்டையும் வைத்தால் தீக்கும் வெள்ளத்துக்கும் திருடனுக்கும் இரண்டும் ஒன்றுதான். அக்காள் வீட்டில் கொடுத்து வைக்கலாம். தீபாவளிக்கு வரும்போது கொண்டு வந்து, புதிய படங்களைச் சேர்த்து, திரும்பக் கொடுத்து அனுப்பலாம். அக்காள் வீட்டு டிஸ்க்கை இங்கே வாங்கி வைத்துக் கொள்ளலாம்.

பல வீடுகளில் பாஸ்வேர்டு ஒரு பையனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் வேலைக்கு வெளியூர் போய் விட்டால் தாயார் தன் கல்யாணப் படத்தைக் கூடப் பார்க்க முடியாது. பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதிப் பத்திரத்தோடு வைக்கலாம். டிஸ்க் மேல் ஒரு காகிதம் ஒட்டி, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று பெரிய எழுத்தில் எழுதினால், பாட்டி கூட எடுத்துக் கொடுப்பாள்.