மின்னொளி வந்தது, தன்னொளி வந்ததா?

ஆற்றல் எவன் கையில் இருக்கின்றதோ, அவன் நாவில்தான் பெயரும் பிறக்கின்றது. தமிழ்நாட்டில் திரைப்பட அரங்குகள் தோன்றிய வரலாறே இதற்குத் தக்க சான்று. விளக்கெரிக்கும் ஆற்றல் அயலான் கையில் இருந்தபோது அரங்கின் பெயரும் அயற்பெயராய் இருந்தது. அஃது அடிமைக் காலத்தின் அவலம். அவ்வாற்றல் தமிழர் கைக்கு வந்து சேர்ந்த பின்னரும் பெயர் மட்டும் வந்து சேரவில்லையே, அஃது எக்காலத்தின் அவலம்?

1895-ஆம் ஆண்டில் டிராம் எனப்பட்ட மின்வண்டி சென்னைத் தெருக்களில் ஓடத் தொடங்கியது. இந்தியத் துணைக்கண்டத்தின் முதல் மின்வண்டி அதுவே. அதனையடுத்த ஓரிரு ஆண்டுகளில் விக்டோரியா பொதுக்கூடத்தில் இசுடீவன்சன் என்பார் அசையும் படங்களைக் காட்டி நகரத்தாரை வியப்பில் ஆழ்த்தினார். ஆயினும், ஒருநாட் புதுமையாய் நின்ற அக்காட்சி நாள்தோறும் நடக்கும் தொழிலாய் வளர்வதற்கு நிலையான மின்னோட்டம் வேண்டியிருந்தது. பேசின் பாலத்தருகே நிலக்கரியை எரித்து மின்னாற்றலை ஆக்கிய சென்னை மின்வழங்கு குழுமம், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை நகருக்கு வழங்க முற்பட்டது. குழுமம் ஆங்கிலேயருடையது; ஊதியமும் அவர்களுடையது. கரி சுமந்த தோளும், கொதிகலன் முன் வெந்த உடலும், கம்பி இழுத்த கையும் இம்மண்ணின் ஏழை மக்களுடையன.

திரையில் விழும் ஒளி எளிதிற் கிடைப்பதன்று. இரு கரிக்கோல்களை முனையோடு முனை தொடவைத்துச் சற்றே விலக்கினால், அவ்விடைவெளியில் மின் பாய்ந்து கண்கூசும் வில்லொளி எழும். அதன் சூட்டிற் கோல்கள் தேய்ந்துகொண்டே போகும். தேயத் தேய அவற்றை நெருக்கிக்கொண்டே இருத்தல் வேண்டும். இடைவெளி மிகுந்தால் ஒளி அணைந்துபோகும். அவ்வில்லொளிக்கு உகந்தது ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டம். அந்நாளைய படச்சுருளோ ஒரு பொறி பட்டாலும் பற்றியெரியும் தன்மையது. இத்துணை இடரையும் தாங்கி, புழுக்கம் நிறைந்த சிற்றறையில் நின்று, ஊரார்க்கு மகிழ்வூட்டிய தொழிலாளி வரலாற்றில் இடம்பெறவில்லை; அவன் பெற்ற ஒரே பட்டம் ஆபரேட்டர் என்பது. அதுவும் அயற்சொல்!

1913-இல் சென்னை மவுண்ட் சாலையில் வார்விக் மேசர் என்னும் வெள்ளையர் நிலையான படக்கொட்டகை ஒன்றைத் திறந்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'எலெக்ட்ரிக் தியேட்டர்'. படத்தைவிட, படத்தைக் காட்டும் மின்னாற்றலே அன்று பெரும்புதுமை. எனவே அதனையே பெயராக்கிப் பெருமை கொண்டாடினார். அதில் தவறில்லை. தன் ஆற்றலுக்குத் தன் மொழியில் அவர் பெயரிட்டார். அக்கட்டடம் இன்றும் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் நின்று அதனை நினைவூட்டிக்கொண்டிருக்கின்றது.

தவறு தொடங்கியது அடுத்த ஆண்டில். 1914-இல் இரகுபதி வெங்கையா அச்சாலைப் பகுதியில் அரங்கு கட்டினார். சென்னையில் இந்நாட்டவர் ஒருவர் கட்டிய முதல் திரையரங்கு அது. அதன் பெயர் 'கெயிட்டி'. பின்னர் அவர் நடத்திய அரங்குகளின் பெயர்கள் 'கிரவுன்', 'குளோப்'. உரிமை மாறிற்று, பெயர் மாறவில்லை.

அதே 1914-இல் கோவையில் நிகழ்ந்தது இன்னும் எண்ணத்தக்கது. திருச்சிராப்பள்ளியில் தென்னிந்தியப் புகைவண்டிக் குழுமத்திற் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் தமிழர், 1905-இல் தூபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படங்காட்டும் பொறியையும் படச்சுருள்களையும் விலைகொடுத்து வாங்கினார். கூடாரத்தைச் சுமந்து ஊரூராய்ச் சென்றார்; வட இந்தியாவும் பர்மாவும் கண்டு மீண்டார். பின்னர்க் கோவையில் நிலையான அரங்கம் எழுப்பினார். பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்னாற்றல் கோவையை எட்டியிராத நாள்கள் அவை. தமக்கு வேண்டிய மின்னாற்றலைத் தாமே பொறி வைத்து ஆக்கிக்கொண்டார். மின்னாற்றலால் இயங்கும் அச்சகமும் நெல்லரவை ஆலையும் நடத்தினார். ஆங்கிலேயன் கம்பியை எதிர்பாராமல், தன் கையால் ஒளி உண்டாக்கிய தமிழர் அவர். அத்தகைய ஆண்மகனும் தம் அரங்குக்கு இட்ட பெயர் 'வெரைட்டி ஹால்'! அரங்கு பின்னாளில் 'டிலைட்' எனப் பெயர் மாறிற்று. ஓர் அயற்பெயர் போய் மற்றோர் அயற்பெயர் வந்தது. அரங்கு இருந்த சாலை இன்றளவும் வெரைட்டி ஹால் சாலையே. சாமிக்கண்ணுவின் பெயரைக் கேட்டால் அச்சாலையில் நடப்பவருள் எத்தனைபேர் அறிவர்?

இவ்வரங்குகள் எழுந்த அதே நாளில், 1916-இல், வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என மாற்றித் தனித்தமிழ்க் கொடியை உயர்த்தினார் அடிகளார். ஒருபால் ஒரு புலவர் தம் பெயரையே தமிழாக்கினார். மறுபால் வணிகர்கள் தமிழ்நாட்டுத் தெருக்களை ஆங்கிலமாக்கினர். ஊமைப்படக் காலத்தில், படமே பேசாதபோது பெயரா பேசப்போகின்றது என்று அமைதி கூறியிருக்கலாம். 1931-இல் 'காளிதாசு' படம் வாய்திறந்து பேசிற்று. அதில் இராசலட்சுமி தமிழிற் பாடினார். திரை தமிழ் பேசத் தொடங்கிற்று. அதனைத் திரையிட்ட அரங்கின் பெயரோ 'கினிமா சென்ட்ரல்'!

இனி, ஆற்றல் கைம்மாறிய வரலாற்றைக் காண்க. 1932-இல் நீலமலையின் பைக்காரா, 1937-இல் காவிரியின் மேட்டூர், 1944-இல் பொருநையின் பாவநாசம் என, தமிழ்நிலத்து நீரே சுழலிகளைச் சுழற்றி மின்னாயிற்று. 1947-இல் சென்னை மின்வழங்கு குழுமம் அரசுடைமை ஆயிற்று. 1957-இல் மாநில மின்வாரியம் தோன்றிற்று. கரியும் கப்பலும் குழுமமும் ஆங்கிலேயருடையனவாய் இருந்த நிலை மாறி, நீரும் நிலமும் கம்பியும் கணக்கும் மக்களுடையன ஆயின. பேசும்படத்திற்கு நொடிக்கு 24 படங்கள் பிசகாது ஓடவேண்டும். விரைவு சிறிது குன்றினும் குரல் குழறும். அந்த நிலைத்த விரைவைத் தந்தது தமிழ்நாட்டு ஆற்றுநீர். அந்நீரால் எரிந்த விளக்கின் கீழ் மின்னிய பெயர்கள் எவை? குளோப், கிரவுன், வெலிங்டன்! சேலத்தில் 1935-இல் தோன்றித் தமிழ்ப்படங்களைக் குவித்த நிலையத்தின் பெயரும் 'மாடர்ன் தியேட்டர்சு'!

தமிழ்ப்பெயர் வைத்தால் கூட்டம் வாராது என்பர் சிலர். மதுரையில் 1952-இல் 'தங்கம்' என்னும் அரங்கு திறக்கப்பட்டது. ஆசியாவிலேயே பெரிதென மக்கள் பேசிக்கொண்ட அரங்கு அது. 'பராசக்தி' ஓடிய அவ்வரங்கில், பெயர் தமிழாய் இருக்கின்றதே என்று எவரும் வாயிலில் நின்று திரும்பிப் போனதுண்டா?

அறிவியற் சொல் உலகப் பொதுச்சொல், அதனை மாற்றலாகாது என்பர் வேறு சிலர். எலெக்ட்ரிசிட்டி என்பதன் வேர், உறைந்த மரப்பிசினைக் குறித்த கிரேக்கச் சொல். அதனைத் தேய்த்தால் துரும்பை ஈர்க்கும் என்று கண்டதனால் அப்பெயர் வந்தது. சினிமா என்பதன் வேர் அசைவு. தியேட்டர் என்பதன் வேர் காணுமிடம். மேலையர் தம் பழமொழிகளின் வேரைத் தோண்டிப் புதுப்பொருள்களுக்குப் பெயர் சமைத்தனர். தமிழனுக்கோ வேரைத் தோண்டும் உழைப்பும் வேண்டியதில்லை. மின் என்னும் சொல் சங்கப் பாடல்களிலேயே ஒளிவிட்டுக்கொண்டிருக்கின்றது. அதனோடு வடமொழிச் சாரத்தைச் சேர்த்து மின்சாரம் என்று கலப்படம் செய்தவர் யார்? மின்னாற்றல், மின்னோட்டம் என்றால் விளக்கு எரியாதா?

படித்தவர் மறந்ததைப் பாமரர் மறக்கவில்லை. திருவண்ணாமலைக்குக் கிழக்கே செஞ்சிச் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூரையும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களையும் எண்ணுக. விடியவிடியத் தெருக்கூத்து ஆடப்பெறும் மண் அது. இத்தகைய ஊர்களுக்குப் படம் வந்தது கூடாரத்தில். பொறியின் இரைச்சலோடு, மணல் தரையின்மேல். உரிமையாளர் பலகையில் 'டூரிங் டாக்கீசு' என்று எழுதினார். ஊரார் அதனைக் கொட்டகை என்றனர். சைலண்ட் என்பதை ஊமைப்படம் என்றும், டாக்கி என்பதைப் பேசும்படம் என்றும் சொன்னவர்கள் தமிழ்மக்கள். எந்தப் பல்கலைக்கழகமும் அவர்களுக்குக் கலைச்சொற் பட்டியல் அனுப்பவில்லை. கூத்தறிந்த நாவுக்குச் சொற்பஞ்சம் ஏது? திரைச்சீலை வகைகளுக்கு ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி எனப் பெயர் வகுத்து, தூணின் நிழல் ஆடரங்கில் விழாதவாறு விளக்கமைத்த முறையையும் சிலப்பதிகாரம் கூறுகின்றது. அரங்கொளி பற்றி அத்துணை நுட்பமாய் எண்ணிய இனம், அரங்குக்குப் பெயரை இரவல் வாங்குவதா?

அரசு செய்தது என்ன? 2006-இல் தமிழ்ப்பெயர் இட்ட படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு அளித்தது. உடனே படத்தயாரிப்பாளர்க்குத் தமிழ்ப்பற்றுப் பொங்கிற்று. ஆங்கிலப் பெயர்கள் ஓரிரவில் தமிழாயின. 2017-இல் சரக்கு, பணி வரி வந்து பழைய வரியமைப்பு மாறியதும், பொங்கிய பற்று வடிந்தது. கூலி கொடுத்தால் வரும் பற்று, கூலி நின்றதும் நிற்கும். பெயர்ப்பலகையிற் தமிழே முதன்மை பெறவேண்டும் என்று கடைகள், நிறுவனங்கள் பற்றிய தமிழ்நாட்டு ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. அதற்கும் வழி கண்டுவிட்டனர்: ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதி மாட்டிவிட்டால் கடமை முடிந்ததாம்!

தமிழர்களே! வார்விக் மேசர் தம் மொழியிற் பெயரிட்டதைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. தம் நீரில் பிறந்த மின்னைத் தம் விளக்கில் ஏற்றி, அதன் கீழ் அயலான் பெயரை எழுதிக்கொண்டவர்களைக் கேட்கவே உரிமையுண்டு. ஒவ்வோர் ஊரிலும் உள்ள அரங்கின் உரிமையாளரை நேரிற் காணுங்கள். பெயரை மாற்றுமாறு கேளுங்கள். மாற்றுப்பெயர் பத்தினை எழுதிக் கையிற் கொடுங்கள். கோவைச் சாலைக்குச் சாமிக்கண்ணுவின் பெயரைச் சூட்டுமாறு மாநகராட்சிக்கு எழுதுங்கள். வீட்டில் 'கரண்டு' போயிற்று என்னும் பிள்ளைக்கு 'மின்' போயிற்று என்று சொல்லிக்கொடுங்கள். கம்பியில் வரும் ஒளியை வாரியம் தரும். மொழியில் வரும் ஒளியைத் தமிழரே ஏற்றிக்கொள்ளல் வேண்டும்.