பீகாரில் 0.6, தமிழ்நாட்டில் 25.9

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, லட்சம் பேருக்குத் தற்கொலை விகிதம் பீகாரில் 0.6; தமிழ்நாட்டில் 25.9, கேரளத்தில் 28.5. இப்படி எண்கள் வரும்போதெல்லாம் நம் பக்கத்தில் ஒரு விளக்கம் கிளம்பும்: படிப்பு கூடிய ஊர், ஆசையும் கூடுதல், அதனால் மனம் சட்டென்று உடைகிறது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்திலேயே முதலிடம் குமரி மாவட்டத்துக்கு என்பதால், கோட்டாறு கம்போளம் முதல் களியக்காவிளை வரை இந்தப் பேச்சு எளிதில் செலாவணியாகிறது. இதை நாம் ஏற்கவில்லை. சாவை ஊர்க்குணமாக்கிவிட்டால் அதைத் தடுக்கும் கடமை யாருக்கும் இல்லாமல் போகும்.

காப்பகத்தின் எண் காவல் நிலையத்திலிருந்து வருகிறது. அங்கே பதிவாகாத சாவு கணக்கில் சேராது. 2010-க்கு நாடு முழுக்கக் காப்பகம் காட்டிய தற்கொலைகள் சுமார் 1,35,000. தலைமைப் பதிவாளர் அலுவலகம் வீடுவீடாகச் சென்று சாவின் காரணம் கேட்ட ஆய்வை வைத்து, அதே ஆண்டுக்கு லான்செட் இதழ் 2012-ல் வெளியிட்ட மதிப்பீடு 1,87,000. பீகாரின் 0.6-ஐ அங்குள்ளவர்களின் நிம்மதி என்று எப்படி வாசிப்பது? நம் ஊரிலும் ‘தீராத வயிற்றுவலி’ என்ற இரண்டு சொல்லுக்குள் குடிகாரக் கணவனின் அடியும் வரதட்சணைக் கொடுமையும் ஒளிந்துகொள்கின்றன.

ஆனாலும் பதிவுக் குறையைச் சொல்லி நாம் தப்ப முடியாது. வீடுவீடாகக் கேட்ட ஆய்விலும் தெற்கே விகிதம் கூடுதல்தான். நாடு முழுக்க ஏறத்தாழ பாதிச் சாவுகளுக்கு நஞ்சு, பெரும்பாலும் பூச்சிமருந்து, காரணமாக இருந்தது. ஒரு பொழுதின் ஆத்திரம் தணியும்வரை அது கைக்கெட்டாமல் இருந்தாலே பலர் பிழைத்துவிடுவார்கள். இலங்கையில் 1995-ல் விகிதம் 47-ஐத் தொட்டது. கொடிய மருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். இருபது ஆண்டுகளில் 70 சதவீதம் குறைந்தது. இடையில் போரும் கடனும் குடியும் இருக்கத்தான் செய்தன.

தமிழக அரசு 2023-ல் ஆறு பூச்சிமருந்துகளுக்கு 60 நாள் தடை விதித்தது. அந்தத் தடை நிரந்தரமாக வேண்டும். தாலுகா வாரியாகச் சாவுகளின் உண்மைக் காரணத்தை மாவட்ட நிர்வாகம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உயிர் தப்பி வீடு திரும்புகிறவரை ஓராண்டாவது தேடிப்போய்ப் பார்க்க ஆள் வேண்டும். உயிர் தப்பியவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்கிறது.

மனம் தாங்காதவர்கள் 14416, 104 எண்களில் எந்நேரமும் பேசலாம்.