தயாரிப்பு முறையும் தரவுதான்

குப்பியின் மேல் ‘துத்தநாக ஃபெரைட்’ என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருக்கும் தூளைக் காந்தம் இழுக்குமா? பாடநூல் இழுக்காது என்று சொல்லும். துத்தநாக அயனிகள் நான்முகி இடங்களிலும் இரும்பு அயனிகள் எண்முகி இடங்களிலும் அமைந்த இயல்பு ஸ்பினல் அது. ஏறத்தாழ 10 கெல்வினுக்குக் கீழேதான் அதில் காந்த ஒழுங்கு தோன்றும், அதுவும் எதிர் ஃபெர்ரோ காந்த ஒழுங்கு. ஆனால் அதே சேர்மத்தை உடன்வீழ்படிவு முறையில் சில நானோமீட்டர் துகள்களாக எடுத்தாலோ, பந்து அரைவையில் பல மணி நேரம் அரைத்தாலோ, அறை வெப்பநிலையிலேயே காந்தத்தின் பக்கம் சாய்கிறது. சூத்திரத்தில் எதுவும் மாறவில்லை. இரும்பு அயனிகளில் ஒரு பகுதி நான்முகி இடத்துக்கும், அதே அளவு துத்தநாகம் எண்முகி இடத்துக்கும் இடம் மாறியிருக்கின்றன. மாதிரியை உயர் வெப்பநிலையில் நெடுநேரம் சுட்டு மெல்லக் குளிர்வித்தால் அயனிகள் பெரும்பாலும் பழைய இடங்களுக்கே திரும்பிவிடும்.

ஃபெரைட் இயலின் பிறப்பிலேயே துத்தநாக ஃபெரைட்டுக்குப் பங்கு உண்டு. துத்தநாகச் சுத்திகரிப்பில் அது அமிலத்தில் எளிதில் கரையாமல் தங்கிவிடும் தொல்லைப் பொருள். டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் யோகோரோ கட்டோவும் டகேஷி டகேயும் 1930 வாக்கில் நடத்திய ஆய்வுகளுக்கு அந்தத் தொல்லையும் ஒரு தூண்டுதல். அந்த ஆய்வுகளைத் தொழிலாக்கவே 1935-இல் டிடிகே நிறுவனம் தொடங்கப்பட்டது. நிக்கல், மாங்கனீசு ஃபெரைட்டுகளில் காந்தத் தன்மையே இல்லாத துத்தநாக அயனியைச் சேர்த்தால், ஓர் எல்லைவரை காந்தமாக்கம் ஏன் கூடுகிறது என்ற புதிர் வெகுகாலம் இருந்தது. நான்முகி, எண்முகி இடங்களின் காந்தத் திருப்புத்திறன்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன என்று 1948-இல் லூயி நேல் விளக்கினார். கழிக்கும் பக்கத்தில் காந்தமற்ற அயனி வந்து அமர்ந்தால் மிச்சம் கூடத்தானே செய்யும்!

நேலின் கணக்கில் எந்த அயனி எங்கே இருக்கிறது என்பதே எல்லாம். நுண்துகளில் அதைத் தீர்மானிப்பது தயாரிப்பு முறை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஏ. நாராயணசாமியின் குழு 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரைத்த துத்தநாக, நிக்கல் ஃபெரைட்டுகளை ஆராய்ந்தது. நிக்கல் ஃபெரைட் திண்மமாக இருக்கையில் தலைகீழ் ஸ்பினல். அரைத்து நானோ அளவுக்கு வந்ததும் அது கலப்பு ஸ்பினலாகிவிடுவதை, காந்தப்புலத்தில் எடுத்த மோஸ்பவர் நிறமாலைகள் மூலம் அந்தக் குழு காட்டியது. தமிழ்நாட்டின் ஆய்வுக்கூடங்களில் இன்று ஃபெரைட் தயாரிக்கும் மாணவர்கள் அந்தக் கட்டுரைகளை முடிவுக்காக மட்டுமன்றி, மாதிரியைப் பற்றி அவை தரும் விவரங்களுக்காகவும் படிக்கலாம்.

வேறு வழியில் கிடைக்காத ஒரு கட்டத்தையே தயாரிப்பு முறை உருவாக்கித் தருவதும் உண்டு. எப்சிலான் இரும்பு ஆக்சைடு அப்படிப்பட்டது. துகள் நானோ அளவில் இருக்கும்வரைதான் அது நிலைக்கும், வளர்ந்தால் ஹேமடைட்டாகிவிடும். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஷினிச்சி ஓகோஷியின் குழு 2004-இல் சிலிக்காவுக்குள் சிறைவைத்து வளர்த்த துகள்கள், அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 20,000 ஒயர்ஸ்டெட் காந்த நீக்குத்திறன் காட்டின. சீனாவின் ஃபூஜியான் பகுதியில் சோங் அரசமரபுக் காலக் குயவர்கள் சுட்ட கருநிற ஜியான் கிண்ணங்களின் மெருகிலும் இதே கட்டம் இருப்பது 2014-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. உலையின் சூடும், மெருகுக் குழம்பும், குளிர்ந்த விதமும் சேர்ந்து அதை விளைவித்திருக்கின்றன.

இவ்வளவு இருந்தும், பல கட்டுரைகளில் தயாரிப்புப் பகுதி நான்கு வரியில் முடிந்துவிடுகிறது. நைட்ரேட்டுகள் கரைக்கப்பட்டன, காரம் சேர்க்கப்பட்டது, கழுவப்பட்டது, சுடப்பட்டது. காரம் எந்த வேகத்தில் ஊற்றப்பட்டது, பி.எச். எங்கே நின்றது, உலை எந்த வீதத்தில் குளிர்ந்தது, தூள் எத்தனை நாள் காற்றுப் பட இருந்தது என்பவை குறிப்பேட்டோடு நின்றுவிடுகின்றன. அதன் விளைவு காந்த எண்களில் தெரிகிறது.

முதலில் எடையைப் பார்க்கலாம். 10 நானோமீட்டர் மேக்னடைட் துகளை 2 நானோமீட்டர் தடிமனில் ஒலீயிக் அமிலம் நெருக்கமாகப் போர்த்தியிருந்தால், தூளின் எடையில் ஏறக்குறைய 23 விழுக்காடு அமிலம். துகள் 5 நானோமீட்டர் என்றால் அது 45 விழுக்காட்டை நெருங்கும். மேக்னடைட்டின் தெவிட்டு காந்தமாக்கம் கிராமுக்கு 92 இ.எம்.யு. மேலுறையின் எடையைக் கழிக்காமல் வகுத்தால், குறையே இல்லாத 10 நானோமீட்டர் துகளும் 71 என்று காட்டும். காற்றில் ஆக்சிஜனேற்றமடைந்த மேக்கெமைட்டின் மதிப்பும் அதற்கு வெகு அருகில், ஏறத்தாழ 75. இரண்டின் படிக அணிக்கோவை அளவுகளும் 8.396, 8.346 ஆங்ஸ்ட்ராம் என நெருங்கியவை. 10 நானோமீட்டர் துகளின் அகன்ற எக்ஸ்கதிர் உச்சிக்குள் அந்த வேறுபாடு எளிதில் புதைந்துவிடும். ஆகவே குறைந்த எண்ணுக்குக் காரணம் மேலுறையா, ஆக்சிஜனேற்றமா, மேற்பரப்பு ஸ்பின்களின் சாய்வா என்பதைத் தயக்கக் கண்ணி மட்டும் சொல்லாது. ஸ்பின் சாய்வு உண்மையான விளைவுதான். 6 நானோமீட்டர் அளவிலான மேக்கெமைட்டில் மைக்கேல் கோயி 1971-இலேயே அதை மோஸ்பவர் அளவீட்டால் காட்டினார். அதற்காக, குறைந்த எண்ணைக் கண்டவுடன் பழியை ஸ்பின் சாய்வின் மேல் போட்டுவிட முடியாது. வெப்ப எடையறி பகுப்பாய்வின் ஒரு வளைகோடு பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

பிளாக்கிங் வெப்பநிலையிலும் இதே கதைதான். வழக்கமான அளவீட்டு நேரத்துக்கு அது துகளின் பருமனுக்கு நேர்விகிதம். விட்டம் 20 விழுக்காடு கூடினால் பருமன் 73 விழுக்காடு கூடும். 100 கெல்வின் 173 ஆகிவிடும். ‘சராசரி அளவு 8 நானோமீட்டர்’ என்று எழுதிவிட்டு அளவுப் பரவலைத் தராத கட்டுரையில், பிளாக்கிங் வெப்பநிலையிலிருந்து கணக்கிட்ட திசைசார் மாறிலிக்கு எவ்வளவு பொருள் இருக்கும்? துகள்கள் ஒன்றோடொன்று இடைவினை புரிந்தால் அந்தப் பொருளும் தேயும்.

மிகச் சிறிய சமிக்ஞைகளில் ஆபத்து கூடுதல். 1 மைக்ரோகிராம் இரும்பு ஏறத்தாழ 2 × 10⁻⁴ இ.எம்.யு. தரும்; நல்ல வி.எஸ்.எம். கருவி 10⁻⁶ வரை பார்க்கும். காந்தமற்ற ஹாஃப்னியம் ஆக்சைடு படலங்களில் ஃபெர்ரோ காந்தம் இருப்பதாக 2004-இல் அறிவிக்கப்பட்டது. துருப்பிடிக்காத எஃகு இடுக்கியால் படலத்தைப் பிடித்தாலே அதையொத்த சமிக்ஞை வந்துவிடும் என்று 2005-இல் இன்னொரு குழு காட்டியது. இதனால் ஆக்சைடு நானோ துகள்களின் வலுவற்ற காந்தம் எல்லாமே மாசு என்றாகிவிடாது. பெங்களூரில் ஏ. சுந்தரேசனும் சி.என்.ஆர். ராவும் 2006-இல் அதை மேற்பரப்பு ஆக்சிஜன் வெற்றிடங்களோடு தொடர்புபடுத்தினர். விவாதம் தொடர்ந்து நடந்துவருகிறது. இடுக்கி, புனல், கலக்கும் காந்தத் துண்டு, உலைக்கலம் ஆகியவை எந்தப் பொருளால் ஆனவை என்று எழுதாத கட்டுரை அந்த விவாதத்தில் எந்தத் தரப்புக்கும் பயன்படாது.

கருவி வசதி இல்லாத கல்லூரிகளை இது நெருக்குமே என்ற கேள்வி நியாயமானது. பல ஆய்வாளர்கள் மாதிரியைச் சிறு குப்பியில் அடைத்து, சென்னை ஐ.ஐ.டி.யின் கருவி மையம் போன்ற இடங்களுக்கு அனுப்பித்தான் தயக்கக் கண்ணியைப் பெறுகிறார்கள். தயாரிப்பவர் ஒருவர், அளப்பவர் வேறொருவர். குப்பியோடு அதன் வரலாறும் பயணிக்க வேண்டியது அங்கேதான் மிக அவசியம். மோஸ்பவர் கருவியோ ஸ்க்விட்டோ இல்லாதது குற்றமில்லை. பி.எச்., வெப்பநிலை, குளிர்விப்பு வீதம், சேமித்த நாள்கள் ஆகியவற்றைக் குறிக்கப் பேனா போதும்.

ஆகவே இனி வரும் கட்டுரைகளில் இவ்விதழ் ஐந்து விவரங்களை எதிர்பார்க்கும்: பிறர் அப்படியே மீண்டும் செய்யத்தக்க தயாரிப்பு விவரம், காந்தமாக்கம் மொத்தத் தூளின் கிராமுக்கா, ஆக்சைடின் கிராமுக்கா என்ற தெளிவு, சராசரியோடு சேர்த்து அளவுப் பரவல், தயாரித்த நாளுக்கும் அளந்த நாளுக்கும் உள்ள இடைவெளி, ஒரே முறையில் தனித்தனியாகத் தயாரித்த குறைந்தது இரண்டு தொகுதிகளின் முடிவுகள். இரண்டாம் தொகுதி முதலாவதோடு ஒத்துப்போகாவிட்டால் அதையும் அப்படியே தரலாம். அந்த வேறுபாட்டை மட்டும் காரணம் காட்டி கட்டுரையைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று மதிப்பாய்வாளர்களுக்கும் சொல்லப்பட்டிருக்கிறது.